எண்ணுகிறவரின் குரல்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பழத்தட்டு சர்ஜனுக்குத்தான் போகும். வயிற்றைத் தைத்து மூடும் முன் துணிகளை எண்ணிய நர்ஸை யார் தேடுகிறார்கள்? தியேட்டரில் 'மாப்' என்று சொல்லும் அந்தத் துணி ரத்தத்தில் ஊறிவிட்டால் குடலோடு குடலாகக் கலந்து கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிகிற இழை ஒன்றை அதில் சேர்க்கிறார்கள். எடுத்தது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று இரண்டு பேர் வாய்விட்டு எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை உண்டு. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பின்பற்றிப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. செலவு ஒரு தாள்! ஆனால், "சார், ஒண்ணு குறையுது" என்று பெரிய டாக்டரிடம் சொல்ல வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு வாய் வருமா? அதட்டல் விழும் என்று தெரிந்தால் வராது. அந்தத் தயக்கம் போக ஒரு வழி உண்டு: கத்தி வைக்கும் முன் அறையில் இருக்கும் எல்லோரும் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்கிறது அதே பட்டியல். வெறும் சம்பிரதாயம் என்று பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டிய வரியே அதுதான்.