பெயர் சொல்ல ஏன் அவசரம்?

கடற்கரையில் வழக்கத்திற்கு மாறான பறவை ஒன்றைக் கண்டால், நம்மில் பலர் உடனே கைப்பேசியில் படம் எடுத்துச் செயலியிடம் பெயர் கேட்கிறோம். அடுத்த நிமிடமே அந்தப் பெயர் புலனக் குழுக்களில் பரவிவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. செயலி நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால், கண்ட அடையாளங்களை முதலில் எழுதிவிட்டு, பெயரைக் கடைசியாகச் சொல்வதே முறை என்பது என் கருத்து.

கிறிஸ்துமஸ் தீவு பிரிகேட் பறவையை எடுத்துக்கொள்வோம். ஜாவாவிற்குத் தெற்கே உள்ள கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே இது கூடு கட்டுகிறது. முன்பு சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்ட அத்தீவு 1958இல் ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறியது. பறவைக்கு எல்லை ஏது? இரை தேடி நம் கடல்களுக்கும் அது வருகிறது.

பிரிகேட் பறவையின் இறக்கை நீண்டு வளைந்திருக்கும். வால் கத்தரிக்கோல்போல் பிளந்திருக்கும். இறகுகள் எளிதில் நனைந்துவிடும் என்பதால் அது கடல்மீது அமர்வதில்லை. ஆகவே, அலையில் மிதக்கும் பறவை வேறு ஏதோ ஒன்று. இதுவரை எளிதுதான். அது எந்த வகைப் பிரிகேட் பறவை என்பதில்தான் சிக்கல். கிறிஸ்துமஸ் தீவு ஆண் பறவைக்கு வயிற்றில் மட்டும் வெள்ளைத் திட்டு இருக்கும். சிறிய பிரிகேட் ஆண் பறவைக்கோ வயிறு கறுப்பு. இறக்கையின் அடிப்பகுதியில், அக்குளை ஒட்டியே வெண்மை தெரியும். தொலைவில் எடுத்த மங்கலான படத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகும். படங்களில் புகழ்பெற்ற அந்தச் சிவப்புத் தொண்டைப் பையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில்தான் ஆண் பறவை அதை ஊதிப் பெரிதாக்கும்.

பெயர் தவறினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். இப்பறவை ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சை ஓராண்டுக்கும் மேலாகப் பேணுவதால், ஆண்டுதோறும் முட்டையிட முடியாது. 2005இல் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்ட பெண் பறவை ஒன்று, குஞ்சுக்கு இரை தேடி 26 நாள்களில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்தது. கூடுள்ள தீவை மட்டும் காத்தால் போதாது. அது இரை தேடும் கடல்களும் தெரிய வேண்டும். எல்லாப் பறவைக்கும் கருவி பொருத்த முடியாதே! நம் கரையில் நிற்பவர்களின் பதிவுகளும் அதற்குத் தேவை. அப்பதிவில் பெயர் பிழையானால், பறவை வராத இடம் வந்த இடமாகிவிடும்.

எனவே, நாள், நேரம், இடம், வயிற்றின் நிறம், வெண்மை பரவிய விதம், வாலின் வடிவம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். படமும் எடுங்கள். ஈபேர்ட் போன்ற தளத்தில் அரிய பறவையைப் பதிவுசெய்தால், சரிபார்ப்பவர் கேட்பதும் இவற்றைத்தான். இளம்பறவைகளின் தலை வெளிறியிருக்கும். அவற்றை இனம் பிரிக்க அனுபவசாலிகளே தயங்குவார்கள். அப்போது ‘பிரிகேட் பறவை, வகை தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் பயனுள்ள பதிவுதான்.