வரப்பிலே வாழும் நெட்டைக்காலி

விழிஞ்ஞம் என்றவுடன் மீன்பிடி வள்ளங்களும், 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகமும் நினைவுக்கு வருதல் இயல்பே. அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்நாட்டுப் பக்கம் சென்றால் வெள்ளாயணி ஏரியையும் அதனை அடுத்த புஞ்சக்கரி வயல்களையும் காணலாம். பறவைகளைக் கணக்கெடுக்க அங்கு வருவோர் கொக்கு, நாரை, தாழைக்கோழி ஆகியவற்றைத் தவறாது குறிக்கின்றனர். காலடியில் ஓடும் பழுப்புநிறச் சிறு பறவையை மட்டும் 'ஏதோ ஒரு குருவி' என விட்டுவிடுகின்றனர். இது முறையன்று என்பதே எமது கருத்து.

அப்பறவை வயல் நெட்டைக்காலி. மலையாளத்தில் 'வயல்வரம்பன்' என்பர். இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள இது வண்டு, கறையான் முதலியவற்றைத் தின்று வாழ்வது. புல்லடியிலோ வரப்போரத்திலோ தரையிலேயே கூடு கட்டி, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும்.

இது சேர்ந்த ஆந்தஸ் பேரினத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நீலகிரி நெட்டைக்காலி மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் மட்டுமே வாழ்வது. உருவிற் சற்றுப் பெரிய ரிச்சர்டு நெட்டைக்காலி, குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வருவது. பழைய நூல்கள் இதனையும் வயல் நெட்டைக்காலியையும் ஒரே இனத்தில் அடக்கின. ஆதலின் வெறுமனே 'நெட்டைக்காலி' என்றெழுதிய குறிப்பினால் பயன் சிறிதே. மாதம், குரல், நிற்கும் பாங்கு ஆகியவற்றையும் எழுதுதல் வேண்டும்.

கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலைத் தூர்ப்பதைக் கட்டுப்படுத்துகின்றது. வரப்பில் விழும் மண்வெட்டியைப் பற்றி எந்தச் சட்டமும் பேச இயலாது. வரப்பைச் செதுக்காதீர் என்று உழவரிடம் சொல்வதும் நடவாத காரியம். களையும் எலியும் அவருக்கன்றோ தொல்லை! கூடு கண்ட இடத்தில் மட்டும், குஞ்சுகள் பறக்கும் வரை, ஒரு முழப் புல்லை விட்டுவைக்கக் கேட்கலாம். கேட்டால் மறுப்பவர் சிலரே.

கூட்டைத் தேடி மாணவரை வரப்பில் அலையவிடுதல் கூடாது. அருகில் ஆள் வந்தால் தாய்ப்பறவை 'சிப், சிப்' என ஒலித்து, வலுவிழந்தது போற் சிறகடித்துச் சிறிது தூரம் பறக்கும். காயமுற்றது போல் நடிப்பதும் உண்டு. அதைக் கண்டதும் ஆசிரியர் மாணவரைப் பின்னுக்கு அழைத்துக்கொண்டு, இடத்தை மட்டும் குறித்துக்கொள்க.