புலிமான்கோம்பைக் கல்

தேனிப் பக்கம் போனால் பார்க்க வேண்டியவை எவை என்று கேட்டுப் பாருங்கள். சுருளி அருவி, மேகமலை, கம்பத்துத் திராட்சைத் தோட்டம் என்று விரலை மடக்கிச் சொல்வார்கள். சரித்திரம் வேண்டுமா, மதுரைக்குப் போங்கள் என்பார்கள். ஆனால் தமிழ்ச் சரித்திரத்தின் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று கிடைத்தது இந்தச் சீமையில்தான்!

ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்று ஒரு சிற்றூர். 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜனின் குழுவினர் அங்கே மூன்று கற்களைக் கண்டெடுத்தார்கள். சிற்பம் இல்லை, அலங்காரம் இல்லை. தமிழ் பிராமி எழுத்தில் சில சொற்கள், அவ்வளவுதான். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது அறிஞர்களின் கணிப்பு.

அவற்றில் ஒன்று அந்தவன் என்பவனுடைய கல். கூடலூரில் நடந்த ஆகோளில் அவன் மாண்டான். ஆகோள் என்றால் மாட்டு மந்தையைக் கவர்வது. தொல்காப்பியம் சொல்லும் அதே சொல் இந்தக் கல்லிலும் இருக்கிறது. கம்பத்தைத் தாண்டி மலையை நோக்கிப் போனால் இன்றும் கூடலூர் என்றே ஓர் ஊர் உண்டு.

வீரனுக்கு நடுகல் நட்டு, பெயரைப் பொறித்து, மயிற்பீலி சூட்டிப் படையல் இட்டார்கள் என்று சங்கப் பாட்டுகளில் படிக்கிறோம். புலவர்களின் கற்பனையோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கு இந்தக் கல் விடை சொல்லிவிட்டது. இதில் அரசன் பெயர் இல்லை. மாட்டுக்காக உயிர் விட்ட ஒருவனை மறக்க மனம் இல்லாமல் வைத்த கல். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள், அல்லவா?

அரசன் கதை வேண்டுமானால் அதே பள்ளத்தாக்கில் சின்னமனூர் இருக்கிறது. அங்கே கிடைத்தவை பாண்டியர் செப்பேடுகள். பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டு ராஜசிம்ம பாண்டியனுடையது. மதுரையில் சங்கம் வைத்ததும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் தன் முன்னோர்களே என்று அதில் பெருமை பேசுகிறான். அந்தத் தகடுகள் எழுத்தறியாத கையில் சிக்கிப் பாத்திரக் கடைக்குப் போயிருந்தால் ஓர் அண்டாவாக உருமாறியிருக்கும்! அதிர்ஷ்டவசமாக அறிஞர்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

செம்புக்காவது ஒரு விலை உண்டு. கல்லை யார் மதிக்கிறார்கள்? தட்டையான பலகைக் கல் என்றால் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு நடப்போம், வாசற்படியாக்குவோம், வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் தள்ளுவோம். இப்படி எத்தனை அந்தவன்கள் மண்ணுக்குள் போனார்களோ!

மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் கொல்லைப்புறம் வரை வந்து எட்டிப் பார்க்காது. வீட்டிலுள்ள பெண்கள்தாம் பார்க்க முடியும். புதிதாக எழுத்துக் கல் தென்பட்டால் சுண்ணாம்பு பூசாதீர்கள், உளி வைக்காதீர்கள், இடத்தை விட்டு நகர்த்தவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கிணற்றடியில் கிடக்கும் துவைக்கிற கல்லையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.