கப்பல் பையில் எத்தனை லென்ஸ்?

சாந்தினி சௌக்கை ஒட்டிய கூச்சா சௌத்ரிதான் தில்லியின் கேமரா கடைத்தெரு. மும்பையில் சொகுசுக் கப்பல் ஏறப்போகும் தில்லிவாசி முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். பை நிறைய லென்ஸ் வாங்கிவிடலாம். ஆனால் உப்புக்காற்று வீசும் மேல்தளத்தில் கழற்றி மாட்டினால், ஈரமும் உப்பும் நேராக சென்சாரில் போய் உட்காரும்.

கேமராவை விட்டு இறங்காத ஒரு 24-105 மி.மீ. ஜூம் பகல் முழுவதற்கும் போதும். கப்பலுக்குள் வெளிச்சம் மட்டு. அங்கே எஃப் 1.8 கொண்ட சின்ன 35 மி.மீ. கைகொடுக்கும். டால்பின் ஆசை இருந்தால் மட்டுமே 70-300. முக்காலி வீண், இன்ஜின் அதிர்வில் அதுவும் சேர்ந்து ஆடும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா தில்லியில் பயன்படுத்திய ரோலிபிளெக்ஸில் லென்ஸை மாற்றவே முடியாது. படங்களைப் பார்த்து யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

லென்ஸ் எண்ணிக்கையைவிடப் பெரிய வில்லன் ஏ.சி. குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான தளத்துக்கு வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். மூடிய பையோடு வெளியே கொண்டுவந்து, சுமார் அரை மணி கழித்துத் திறக்க வேண்டும். சூரியோதயத்துக்கு அலாரம் வைப்பவர்கள் அந்த அரை மணியையும் சேர்த்து வைப்பது நல்லது.