சைலீசியா என்னும் கரி நாடு

தேசப்படத்தை விரித்துப் போலந்தின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். செக் நாட்டு மலைகளிற் பிறந்து, வடமேற்கே ஓடிப் பால்டிக் கடலைச் சேரும் ஓடர் நதி அங்கே ஒரு நீண்ட கோடாகத் தெரியும். அந்நதியின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் பூமியே சைலீசியா. போலந்து மக்கள் அதனை ஷ்லோன்ஸ்க் என்பர். ஜேர்மானியர் ஷ்லேசியன் என்பர். செக் மக்கள் ஸ்லெஸ்கோ என்பர். ஒரு நாட்டுக்கு மூன்று பெயர்கள் இருப்பின் அதற்கு உரிமை கொண்டாடியவரும் மூவர் என்று ஊகிக்கலாம். அந்த ஊகம் பிழையன்று.

தெற்கே சுதேத்திய மலைத்தொடர் மதில்போல நிற்கிறது. அதன் உச்சியான ஸ்னியெஷ்கா 1,600 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது. நதி கடலை நோக்கிச் செல்லும் பக்கம் கீழ்ச் சைலீசியா, வளமான வயல்நிலம். விரொட்ஸ்வாவ் அதன் பெருநகர். நதி பிறந்து வரும் பக்கம் மேற் சைலீசியா. அங்கே மேல்மண் அத்துணை வளமுடையதன்று. ஆனால் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகளாய் நின்ற மரஞ்செடிகள் நிலத்தின் கீழே கரிப்படைகளாக மாறிக் கிடக்கின்றன. ஈயமும் நாகமும் வெள்ளியும் உண்டு. மேற் சைலீசியாவின் செல்வமும் துன்பமும் இந்தக் கீழறையிலிருந்தே வந்தன.

பழைய சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தொடக்கத்தில் இது போலந்தின் பியாஸ்ட் மன்னர் குலத்துக்குரியதாயிருந்தது. 1138ஆம் ஆண்டில் மூன்றாம் பொலெஸ்லாவ் தன் இராச்சியத்தைப் புதல்வர்க்குப் பங்கிட்டான். அதன்பின் சைலீசியா சிறு சிறு கோமகனாட்சிகளாகச் சிதறியது. 1241இல் மொங்கோலியர் லெக்னிட்சா என்னுமிடத்தில் கோமகன் இரண்டாம் ஹென்றியைக் கொன்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே ஜேர்மானியக் குடியானவர்களும் வணிகர்களும் பெருந்தொகையாக வந்து குடியேறினர். 1335இல் போலந்து மன்னன் கசிமிர் தன் உரிமையை பொஹீமிய மன்னனுக்கு விட்டுக்கொடுத்தான். 1526இல் பொஹீமியாவோடு இதுவும் ஒஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குலத்தாரிடம் சென்றது. 1740இல் பிரஷ்ய மன்னன் பிரெடெரிக் படையெடுத்து அதன் பெரும்பகுதியைக் கைப்பற்றினான். மூன்று யுத்தங்களின் பின்னர், 1763இல் அது அவனுக்கே உறுதியாயிற்று.

இந்த அரசர் கதைகளைவிட எனக்குப் பிடித்தது ஒரு கல்லுத் திரிகையின் கதை. சைலீசியாவின் ஹென்றிக்கோவ் என்னும் துறவி மடத்திலே இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட பழைய ஏடொன்று உண்டு. மடத்துக் காணிகளின் வரலாற்றைக் கூறும் அந்த ஏட்டில், 1270ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட பகுதியில், ஒரே ஒரு வாக்கியம் மாத்திரம் போலந்து மொழியில் வருகிறது. போலந்து மொழியில் எழுதப்பட்ட முதல் வாக்கியமென அறிஞர் கொள்வது அதனையே. அதில் அரசனுமில்லை, தெய்வமுமில்லை. திரிகை அரைத்துக் களைத்த மனைவியை இளைப்பாறச் சொல்லித் தான் அரைப்பதாகக் கணவன் கூறும் சொல் அது. அந்தக் கணவனோ பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறியவன்!

இனிக் கரிக்கு வருவோம். 1788இல் தார்னொவ்ஸ்கியே கூரி நகரின் ஈயச் சுரங்கத்திலே ஊறிய நீரை இறைப்பதற்கு, பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியிலிருந்து ஒரு நீராவி இயந்திரத்தை வரவழைத்தார்கள். ஐரோப்பியக் கண்டத்தில் முதன்முதல் இயங்கிய நீராவி இயந்திரங்களுள் அதுவும் ஒன்று. அதனைப் பார்க்க 1790இல் மகாகவி கோதே நேரில் வந்தார். 1796இல் கிளிவிட்சே நகரில், கற்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் ஊதுலை எரியத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகுக்கு நாகம் வழங்கிய முதன்மையான இடங்களுள் மேற் சைலீசியாவும் ஒன்றாயிற்று. கட்டோவிட்சே என்னும் சிறு கிராமம் புகையிரதம் வந்தபின் வளர்ந்து 1865இல் நகரமாயிற்று. இதற்கிடையில் கீழ்ச் சைலீசியாவின் கைத்தறி நெசவாளர் கூலி குறைந்து பட்டினியால் வாடினர். 1844 யூன் மாதத்தில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது பிரஷ்யப் படை சுட்டு அடக்கியது. ஹௌப்ட்மான் எழுதிய ‘நெசவாளர்’ நாடகம் அந்தச் சம்பவத்தை வைத்து எழுந்ததே.

மேற் சைலீசியாவில் முதலாளியும் அதிகாரியும் பெரும்பாலும் ஜேர்மன் பேசினர். சுரங்கத்துள் இறங்கியவன் பெரும்பாலும் போலந்து மொழியின் சைலீசியப் பேச்சைப் பேசினான். முதல் உலக யுத்தத்தில் ஜேர்மனி தோற்றது. போலந்து மீண்டும் பிறந்தது. இப்பிரதேசம் யாருக்கு என்பதை மக்களே தீர்மானிக்கட்டுமென்று குடியொப்பத்துக்கு ஏற்பாடாயிற்று. 1921 மார்ச் 20ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. அங்கே பிறந்து வேறிடம் சென்று வாழ்ந்தோரும் வாக்களிக்கலாமென்று விதித்தமையால், ஜேர்மனியின் பிற பகுதிகளிலிருந்து 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புகையிரதங்களில் வந்து குவிந்தனர். ஜேர்மனிக்கு 7 இலட்சத்துச் சொச்சம் வாக்குகள். போலந்துக்கு 4 இலட்சத்து 79 ஆயிரம். ஆயினும் ஊருக்கு ஊர் முடிவு வேறுபட்டது. அயல் வீட்டார் இருவர் இரு தேசங்களைக் கேட்டனர்.

1919இலும் 1920இலும் இருமுறை நிகழ்ந்த எழுச்சி, 1921 மே மாதத்தில் மூன்றாம் முறை மூண்டது. வோய்ச்சியெக் கொர்பாந்தி என்பவர், தாமும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன், அதற்குத் தலைமை தாங்கினார். யாத்திரைத் தலமாகிய புனித அன்னாள் குன்று போர்க்களமாயிற்று. ஈற்றில் சர்வதேச சங்கம் நாட்டைப் பிரித்தது. போலந்துக்குக் கிடைத்தது நிலத்தில் மூன்றிலொரு பங்களவே. ஆனால் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் மிகப் பெரும்பங்கு. எல்லைக்கோடு டிராம் பாதைகளையும் நீர்க்குழாய்களையும் ஊடறுத்துச் சென்றது.

அந்தக் கோட்டோடு வாழ்வதற்கென 1922இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை செய்தனர். 600க்கு மேற்பட்ட பிரிவுகள் கொண்ட அது, சிறுபான்மையோர் தம் முறையீட்டைச் சர்வதேச சங்கத்துக்கே அனுப்ப வழி செய்தது. காகிதத்தில் மாத்திரம் நின்ற உரிமையென்று எண்ண வேண்டாம். 1933இல் ஹிட்லர் அரசின் சட்டங்களால் வேலையிழந்த பிரான்ஸ் பேர்ன்ஹைம் என்னும் யூதர் ஒருவர் அவ்வாறே முறையிட்டார். அதன் பயனாக, ஜேர்மனியின் ஏனைய பகுதிகளில் யூதர்க்கெதிரான சட்டங்கள் கொடுமை புரிந்த காலத்தில், ஜேர்மன் மேற் சைலீசியாவில் மாத்திரம் அவை நிறுத்திவைக்கப்பட்டன. 1937 யூலையில் உடன்படிக்கையின் 15 ஆண்டுத் தவணை முடிந்தது, பாதுகாப்பும் முடிந்தது.

1939 ஓகஸ்ட் 31ஆம் நாள் இரவு, கிளிவிட்சே வானொலி நிலையத்தைப் போலந்தினர் தாக்கியதாக நாஸிகள் நாடகமாடினர்; மறுநாள் யுத்தம் வெடித்தது. அந்த மரக்கோபுரம், 111 மீற்றர் உயரத்தில், இன்றும் நிற்கிறது. 1945இல் எல்லைகள் மீண்டும் நகர்ந்தன. சைலீசியாவின் பெரும்பகுதி போலந்துக்காயிற்று. இலட்சக்கணக்கான ஜேர்மானியர் வெளியேற்றப்பட்டனர். சோவியத் யூனியனிடம் இழந்த கிழக்குப் பகுதிகளின் போலந்து மக்கள் அவர்களுடைய வீடுகளிற் குடிபுகுந்தனர். லுவோவ் நகரின் புகழ்பெற்ற ஒஸ்ஸொலினேயம் நூலகத்தின் ஒரு பகுதியும் விரொட்ஸ்வாவுக்கு வந்தது. 1900இல் கட்டோவிட்சேயிற் பிறந்த ஒருத்தி, தன் தெருவை விட்டு அசையாமலே, ஐம்பது வயதுக்குள் பல தடவை ஆட்சி மாறக் கண்டிருப்பாள்.

பொதுவுடைமை ஆட்சியில் கரியே நாட்டின் நாணயமாயிருந்தது. 1979இல் போலந்து 20 கோடித் தொன் நிலக்கரி அகழ்ந்தது. அதில் மிகப் பெரும்பகுதி மேற் சைலீசியக் கரியே. 1981 டிசெம்பரில் இராணுவச் சட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்த வூயெக் சுரங்கத் தொழிலாளர் ஒன்பதுபேர் சுடப்பட்டு மாண்டனர். 1990களிலிருந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. எஞ்சியவற்றை 2049க்குள் மூடுவதென்று 2021இல் அரசும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தஞ் செய்தன. கட்டோவிட்சேயின் பழைய சுரங்க நிலத்திலே இன்று நூதனசாலையும் இசைமண்டபமும் எழுந்துள்ளன.

சைலீசியர் என்று தம்மைக் குறிப்போர் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறக்குறைய 6 இலட்சம்பேர். வீட்டில் அந்தப் பேச்சையே பேசுவதாகக் கூறியோர் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். அது தனிமொழியா, கிளைமொழியா என்று பண்டிதர் வாதிடுகின்றனர். அதனைப் பிரதேச மொழியாக ஏற்கும் சட்டத்தைப் போலந்துப் பாராளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஜனாதிபதி கையொப்பமிட மறுத்துவிட்டார். திரிகை அரைக்கும் மனைவியிடம் பேசிய அந்தக் கணவனின் வாக்கியத்தையோ, விரொட்ஸ்வாவ் நகரில் ஏடாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.