குடும்பம் என்றால் எத்தனை பேர்?

பையனுக்குக் கல்யாணம், பெண்ணுக்குப் பிரசவம், அம்மாவுக்கு முழங்கால் வலி. இதில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் போதும், நம் ஊர் வீடுகள் வளர ஆரம்பித்துவிடும். மாடியில் ஒரு அறை, பக்கத்தில் ஒரு சார்ப்பு, பின்கட்டில் ஒரு குளியலறை. அடுத்த வீட்டுக்காரர் வெளிச்சம் போகிறது என்று மனு கொடுப்பார். நகராட்சி வரைபடத்தைக் கேட்கும். இப்படி வளர்ந்துவிட்ட கட்டடங்களை என்ன செய்வதென்று தெரியாமல்தான் தமிழக அரசு 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைப் புகுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தக் கிளம்பியது. கட்டியவருக்கும் சட்டத்துக்கும் உள்ள தகராறு கடைசியில் ஒரு ரசீதில் முடியும்.

நிகோபார் தீவுகளில் 2004-க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர் தலைகீழ். ஊரின் விதிகளை மீறி எழும்பிய புதுக் கட்டடங்கள் அங்கே அரசாங்கத்துடையவை. அதற்குப் பக்கத்தில் சமையலுக்கு ஒரு குடிசை, படுக்க ஒரு பரண் என்று போட்டுக்கொண்ட கிராமத்தார் தங்கள் பழைய விதிப்படிதான் நடந்தார்கள். யார் ஆக்கிரமிப்பாளர் என்பது பார்க்கிற கண்ணைப் பொறுத்தது.

நிகோபார் தமிழனுக்குப் புதிய பெயர் இல்லை. ராஜேந்திர சோழனின் கல்வெட்டு அதை மாநக்கவாரம் என்கிறது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்). அங்கிருந்து தெற்கே இன்னும் சுமார் 270 கிலோமீட்டர் போனால் கார் நிகோபார். தென்னைகள் நிறைந்த, கிட்டத்தட்டத் தட்டையான தீவு. 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி, வெளியாள் அனுமதிச் சீட்டு இல்லாமல் காலெடுத்து வைக்க முடியாது. நிலம் வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அந்தத் தீவின் வட்ட வீடு பிரசித்தமானது. படங்களில் பார்த்திருக்கலாம்: கால்களில் நிற்கும் பெரிய தேன்கூடு மாதிரி. ஆள் உயரத் தூண்களின் மேல் தளம். அதற்கு மேல் புல் வேய்ந்த கூம்புக் கூரை தளம் வரை இறங்கி வரும். சுவர் என்று தனியாக எதுவும் இல்லை, கூரையேதான் சுவர். ஜன்னலும் கிடையாது. தளத்தில் ஒரு திறப்பு, அதில் சாய்த்த ஏணி. ராத்திரி ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் கதவு சாத்தியாகிவிட்டது. தூண்களின் உச்சியில் வட்டமான பலகைகளைச் செருகியிருப்பார்கள். எலியும் பாம்பும் அதைத் தாண்டி ஏற முடியாது. காற்று, பிளந்த சிம்புகளால் ஆன தளத்தின் இடுக்குகள் வழியாகக் கீழிருந்து வரும். பகலில் வீட்டுக்கு அடியிலேயே நிழல். ஆணிக்குப் பதில் கட்டு, இறுக்கத்துக்குப் பதில் நெகிழ்வு என்பதால் பூமி ஆடினால் வீடும் கூடவே ஆடும். நாட்டின் நில அதிர்வு வரைபடத்தில் இந்தத் தீவுகள் ஐந்தாம் மண்டலத்தில் வைக்கப்பட்டவை. கணக்குப் படிக்காத பொறியாளர்கள் போட்ட கணக்கு அது.

ஆனால் வீட்டின் வடிவத்தை விட முக்கியம், அந்த வீடு யாருடையது என்பது. கார் நிகோபாரில் குடும்பத்துக்குப் பெயர் துஹேத். நாலைந்து பேர் கொண்ட 'அளவான குடும்பம்' என்று சுவரில் எழுதியிருப்பதே, அது இல்லை. பல தலைமுறை, பல கிளைகள் சேர்ந்த பெருங்குடும்பம். தென்னந்தோப்பு துஹேத்தினுடையது, பன்றிகள் துஹேத்தினுடையவை, வீடு கட்டும் நிலமும் அப்படியே. கல்யாணம் ஆகிற ஜோடி பெண் வீட்டோடு இருப்பதா, மாப்பிள்ளை வீட்டோடு இருப்பதா என்பதைக் கூட எந்தத் துஹேத்துக்கு ஆள் தேவை என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். குடும்பம் பெருத்தால் பக்கத்தில் இன்னொரு குடிசை எழும்பும். துஹேத்தின் தலைவர் சரி என்றால் போதும். தகராறு வந்தால் கிராமத்தின் 'கேப்டன்' இருக்கிறார். (அந்தப் பதவிப் பெயர் கப்பலோடு வந்து இறங்கியது.) கூரை வேயப் பலர் வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் பன்றி அடித்துச் சோறு போட வேண்டும். கட்டட அனுமதி என்றால் அங்கே அதுதான்.

கடற்கரையை ஒட்டி ஒவ்வொரு கிராமத்துக்கும் எல்பனம் என்ற பொது இடம் இருந்தது. கூட்டம், விருந்து, படகு, பிறப்பு, சாவு எல்லாம் அங்கேதான். நம் ஊர் மந்தைவெளியும் சாவடியும் கோயில் வாசலும் ஒன்றாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26 காலையில் இந்த இடமெல்லாம் போயிற்று. அந்தமான் நிகோபாரில் அரசுக் கணக்குப்படியே சுமார் 3,500 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் நிகோபார் மாவட்டத்துக்காரர்கள். கார் நிகோபாரின் விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் குடும்பத்தினரும் பலியானார்கள். கட்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் மலையகத் தமிழர்களும் அந்தக் காலையைப் பார்த்தார்கள். 2001-ல் 42,068 ஆக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-ல் 36,842.

பிழைத்தவர்களின் தலைவர்கள் அப்போது கேட்டது ஆச்சரியமானது. ஆட்களை அனுப்பாதீர்கள், கருவிகளை அனுப்புங்கள் என்றார்கள். கோடாலி, அரம், ரம்பம் கொடுத்தால் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம். பல ஆண்டுகளாக நிகோபாரை ஆராய்ந்துவரும் மனிதச் சூழலியலாளர் சிம்ரன் ஜித் சிங் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். டெல்லிக்கு இந்தக் கோரிக்கை புரியவில்லை. நாடே உண்டியல் குலுக்கிக் கொடுத்த பணம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ரம்பத்தை அனுப்பிவிட்டு 'நிவாரணம் முடிந்தது' என்று எந்த மந்திரி பத்திரிகையாளர்களிடம் சொல்வார்?

முதலில் வந்தவை தகரக் கொட்டகைகள். நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி வடக்கே, தகரத்துக்குக் கீழே. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் தற்காலிகக் குடியிருப்பில் ஒரு கோடை கழித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிறகு 'நிரந்தரப் புகலிடங்கள்'. இரு தீவுக் கூட்டங்களுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்து சொச்சம்; அதில் ஏழாயிரத்தைத் தொட்டவை நிகோபாரில். இரும்புச் சட்டம், தகடு, பலகை என்று பொருள்கள் கடல் தாண்டிக் கப்பலில் வந்தன. தொழிலாளர்களும் அப்படியே. வேலை முடியச் சில வருஷங்கள் ஆயின.

வீடுகள் நல்லவையா? பல விதத்தில் ஆமாம். கழிப்பறை உண்டு, மின்சாரம் உண்டு, கடல் மறுபடி எழுந்தால் எட்டாத மேட்டில் இருக்கின்றன. பூகம்பத்துக்கு ஈடுகொடுக்கும்படி யோசித்துத்தான் கட்டினார்கள். 'பழங்குடியினரின் அழகிய குடிசையை அரசாங்கம் அழித்துவிட்டது' என்று டெல்லி கருத்தரங்குகளில் கண்ணீர் விடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சுனாமிக்கு முன்பே கார் நிகோபாரில் பலர் பலகை வீட்டுக்கும் தகரக் கூரைக்கும் மாறியிருந்தார்கள். புல் வேய்வதை விடத் தகரம் போடுவது சுலபம். நிகோபாரிக்கும் ஃபேன் வேண்டும். வட்ட வீட்டில் அவர் காலமெல்லாம் வாழ்ந்தே ஆக வேண்டும், நாம் போய்ப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வீடு கொடுக்க வேண்டுமென்றால் பட்டியல் வேண்டும். பட்டியலுக்குக் குடும்பம் வேண்டும். குடும்பம் என்றால் அரசாங்கப் பாரத்தில் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். துஹேத் என்ற கட்டம் எந்தப் பாரத்திலும் இல்லை. ஆகவே இருபது முப்பது பேர் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தை ஐந்தாக ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வீடு, ஒரு எண். இழப்பீட்டுப் பணமும் அதேபோல் தனித்தனி வங்கிக் கணக்குகளில் போய் உட்கார்ந்தது. தோப்பு எல்லோருக்கும் பொது, பணம் மட்டும் ஒருவன் பெயரில். அதுவரை எழாத கேள்விகள் எழுந்தன. பன்றியை யார் பராமரிப்பது, கிழவியை யார் வீட்டில் வைத்துக்கொள்வது, இந்தத் தென்னை யாருடையது? மோட்டார் சைக்கிளும் டி.வி.யும் தீவுக்கு வந்து இறங்கின, கூடவே பாட்டிலும்.

ஊரின் முகமும் மாறியது. கடலைப் பார்த்து, எல்பனத்தைச் சுற்றி அமைந்திருந்த கிராமங்கள் உள்ளே தள்ளி, சாலை ஓரமாக, ஒரே மாதிரி வீடுகளின் வரிசையாக வந்து நின்றன. தமிழ் வாசகர் அந்தப் படங்களைப் பார்த்தால் ஒரு வார்த்தை தானாக நாக்கில் வரும்: லயம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி கணக்கெடுக்க வசதியாகக் கட்டிய அதே வரிசை. படகு ஒரு இடத்தில், வீடு ஒரு இடத்தில். காலையில் கடலைப் பார்த்து இன்று போகலாமா என்று வாசலில் நின்றே முடிவு செய்த மீன்பிடிகாரர், கடற்கரைக்கு நடந்து போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால்தான் அந்தக் கூடுதல் குடிசைகள். புகலிடத்துக்குப் பின்னால் ஓலைக் கூரை போட்ட அடுப்படி; தாழைப் பழம் வேகிற பெரிய பானை சின்ன சமையலறையில் எங்கே வைப்பது? பக்கத்தில் பரண், வெக்கை தாங்காத மதியங்களில் பாட்டிகள் படுக்க. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நடுவில் ஒரு பொதுப் பந்தல். வரைபடத்தில் இல்லாத இந்தச் சேர்க்கைகள் எல்லாமே, பிரித்துக் கொடுத்த வீடுகளை மறுபடி ஒரு துஹேத்தாகத் தைக்கிற தையல்கள். நாகை மாவட்டத்திலும் 2005 மார்ச் 30-ம் தேதி அரசாணையின் கீழ் 325 சதுர அடிக்குக் கான்கிரீட் வீடு வாங்கிய மீனவர்கள் முதல் காரியமாகச் செய்தது, முன்னால் ஒரு கீற்றுப் பந்தல் போட்டதுதான். புதுக் குடியிருப்புக்கு இடம் நேர்படுத்த வெட்டப்பட்ட மரங்களின் நிழலை வேறெப்படித் திரும்பப் பெறுவது?

வேறு வழியே இல்லாமலா இருந்தது? மூன்று வருஷம் முன்னால் குஜராத்தில் இருந்ததே. 2001 பூகம்பத்துக்குப் பிறகு அங்கே பெரும்பாலான வீடுகளைச் சொந்தக்காரர்களே கட்டினார்கள். அரசு தவணை தவணையாகப் பணம் கொடுத்தது, பூகம்பம் தாங்கும்படி கட்டியிருக்கிறதா என்று பொறியாளர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. கட்ச் விவசாயியை நம்பிய அதே நாடு, கடலோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்த நிகோபாரியை நம்பவில்லை. போக்குவரத்து கஷ்டம், மரம் இல்லை, தோப்புகள் அழிந்துவிட்டன, கைத்தொழில் தெரிந்த பெரியவர்கள் பலர் கடலோடு போய்விட்டார்கள் என்று சொல்லப்பட்ட காரணங்களில் பாதி உண்மைதான். ஆனால் ரம்பம் கேட்டவர்களுக்கு அந்தக் காரணங்களில் எதுவும் தெரியாமல் இல்லை.

உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று கடற்கரை ஊர்க்காரர் யாரையும் கேட்கலாம். புல் கூரை பழுதானால் சொந்தக்காரர்கள் வருவார்கள். தகடு துருப்பிடித்தால் கப்பல் வர வேண்டும்.

சௌரா தீவுக்காரர்களைச் சுனாமிக்குப் பிறகு பக்கத்துத் தெரசா தீவுக்கு மாற்றினார்கள். அவர்கள் அங்கே ஒட்டாமல், பிடிவாதம் பிடித்து ஊர் திரும்பினார்கள். கிரேட் நிகோபாரின் நிகோபாரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தீவின் மேற்குக் கரையிலும் தெற்கிலும் இருந்த புலோபாஹா, சிஙென் போன்ற ஊர்களை விட்டு, காம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிஙெனிலும் குடிவைக்கப்பட்டார்கள். தற்காலிகம் என்று நம்பித்தான் வந்தார்கள். ஊர் திரும்ப வேண்டும், தோப்பு போட வேண்டும் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அந்தத் தீவுக்கு வேறு ஒரு பெரிய வீட்டு விஸ்தரிப்பு வந்தது: துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், ஒரு புது நகரம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை அதற்கு ஒதுக்க வேண்டும். சுமார் எட்டாயிரம் பேர் வாழும் தீவில் லட்சக்கணக்கானவர்கள் குடியேறுவார்கள் என்பது திட்டம். 2022 ஆகஸ்டில் பழங்குடி மன்றத்திடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கப்பட்டது. தங்கள் பழைய ஊர்களின் நிலமும் அந்தத் திட்டத்துக்குள் வருகிறது என்பது தங்களுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை என்று சொல்லி, நவம்பரில் மன்றம் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்ததும் அதே நவம்பரில்தான்.