சீல் உடைக்காத டப்பா

புடவை என்றால் நமக்குக் கூச்சமே கிடையாது. கலர் பிடிக்கவில்லை, முந்தானையில் ஒரு நூல் இழுத்திருக்கிறது என்று ஒரே கடைக்கு மூன்று தடவை நடப்போம். ஆனால் முகத்துக்குப் பூசுகிற கிரீமையோ தலைச்சாயத்தையோ திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் மட்டும் தயக்கம் வந்து விடுகிறது. ‘போகட்டும், யாருக்காவது கொடுத்து விடலாம்’ என்று அலமாரியில் வைத்து விடுகிறோம். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு ஆகாதது அவள் முகத்துக்கு மட்டும் ஆகி விடுமா, சகோதரிகளே?

சென்ற மாதம் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் மாநிறம், லட்சணமான முகம். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்து விட்டு மாப்பிள்ளையின் அம்மா, “கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் கலராயிடுவா இல்ல?” என்று சிரித்துக் கொண்டே கேட்டாராம். அவர் சிரித்து விட்டுப் போய் விட்டார். இவர்கள் வீட்டில் தூக்கம் போயிற்று. மறுநாளே தங்கை பேன்ஸி ஸ்டோருக்குப் போய் ஒரு சிவப்பழகு கிரீமில் மூன்று டப்பா வாங்கி வந்து விட்டாள். டப்பா 650 ரூபாய். மூன்றும் சேர்த்து 1,950.

நான் போனபோது மூன்றும் பிரிக்காமல் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை பூசத் தொடங்கலாம் என்று வைத்திருந்தாளாம்! கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒரு வெளிநாட்டுக்காரியின் முகம், இரண்டு மூலிகை இலை. ஆங்கிலத்தில் நாலு வரி. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை. தயாரித்தவர் பெயரும் ஊரும் இல்லை. ஆனால் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது: தங்கம், வெள்ளி, அலுமினியம் இவற்றின் மேல் படாமல் பார்த்துக் கொள்ளவும்.

கல்யாணப் பெண் பூசுகிற கிரீம், தங்கத்தின் மேல் படக் கூடாதாம்!

எனக்கு உடனே பாதரசம்தான் ஞாபகம் வந்தது. என் அண்ணன் பள்ளிக்கூட நாளில், உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடி, மோதிரம் வெளுத்துப் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக் கொண்டான். தங்கத்தோடு ஒட்டிக் கொள்வது அதன் குணம். சிவப்பழகு கிரீம்களில் அதைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உண்டாவதைப் பாதரச உப்புகள் தடுத்து விடும். முகம் வெளுக்கத்தான் செய்யும். அதே பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். வயிற்றில் குழந்தை இருந்தால் அதையும் தொடும். தாய் பூசினால் கன்னத்தோடு கன்னம் வைக்கிற குழந்தைக்கும், அவள் துடைக்கிற துண்டுக்கும் போய்ச் சேரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நம் பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஒரு அபூர்வமான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். முகத்துக்குப் பூசினார்கள், கால் வீங்கியது, சிறுநீரில் புரதம் போயிற்று. கிரீமை நிறுத்திய பின் பெரும்பாலோருக்குக் குணமானது என்பதுதான் ஆறுதல்.

தங்கை வாங்கிய டப்பாவில் பாதரசம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பரிசோதிக்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. என்ன இருக்கிறது என்று எழுதாத ஒன்றைப் பெண் முகத்தில் பூச வேண்டாம் என்றுதான் சொன்னேன். தங்கை ஒப்பவில்லை. “சீல் பிரிக்கல, அதுக்காக திருப்பிக் குடுத்தா என்னக்கா நினைப்பாங்க? தினம் அந்தக் கடை வழியாத்தான் போறேன். எப்படி முகத்தில முழிக்கிறது?” என்றாள். பெண் அதுவரை பேசாமல் இருந்தவள், “பெரியம்மா, அப்ப போட்டோல நான் இப்படியேதான் இருப்பேனா?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டப்பாக்களைப் பையில் போட்டுக் கொண்டு கிளம்பினேன்.

கூட்டமில்லாத நேரமாகப் பதினொரு மணிக்குப் போனேன். கடைக்காரர் தலைக்கு மேலே போர்டு: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’. அவர் கோபப்படவில்லை. “எல்லாரும் வாங்குறாங்கம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல. வேணும்னா வளையல், பொட்டு ஏதாவது எடுத்துக்குங்க” என்றார். பில்லும் அவர் கொடுத்திருக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதியிருந்தது. நல்ல வேளையாகத் தங்கை போன் மூலம் பணம் அனுப்பியிருந்தாள். தேதியும் தொகையும் அதில் இருந்தன.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லி விடுகிறேன். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு ஏதும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தர மறுப்பதும் அதே குற்றம்தான். போர்டு மாட்டி விட்டால் சட்டம் போய் விடாது. அழகுப் பொருள்களுக்கென்று 2020-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கண் மை போன்றவற்றுக்கு மட்டும் பத்து லட்சத்தில் 70 பங்கு வரை விட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. லேபிள் எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஷாம்பூவை, ‘யாரோ இதில் பாரபென் இருக்கிறது என்றார்கள்’ என்று திருப்பிக் கொடுக்கப் போனால், கடைக்காரர் வாங்கிக் கொள்வது அவருடைய பெருந்தன்மை. அங்கே சட்டம் பேசக் கூடாது, தன்மையாகக் கேட்க வேண்டும். என் எதிர்வீட்டு அம்மாள் அப்படித்தான் அன்றே பில்லோடு போய்க் கேட்டு, வேறு ஷாம்பூ மாற்றி வந்தார்.

கடைக்காரரிடம் நான் சட்டம் பேசவில்லை. டப்பாவை அவர் கையில் கொடுத்து, “இதைச் செய்தது யாருங்க, எந்த ஊரு?” என்று கேட்டேன். அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வர்ற சரக்கும்மா, விக்கிறோம்” என்றார். “அப்ப சரி. இதைத் திரும்ப எடுக்க மாட்டேன்னு தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, போதும்” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கல்லாவைத் திறந்தார்.

இரண்டு டப்பாவுக்கு 1,300 ரூபாய் வாங்கிக் கொண்டேன். மூன்றாவதை நானே வைத்துக் கொண்டு, அதற்கு மட்டும் முறையாக பில் போட்டுக் கேட்டேன். கொடுத்தார். 650 ரூபாய் வீணாகி விட்டதே என்று தங்கைக்கு இன்னும் குறைதான். ஆனால் நான் படியிறங்குமுன் பார்த்தேன். கடைப் பையன் அந்த இரண்டு டப்பாவையும் துணியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே அடுக்கினான். கண்ணாடிக்குப் பக்கத்தில், கல்லூரிப் பை மாட்டிய இரண்டு பெண்கள் நின்ற இடத்தில். பணம் நமக்குத் திரும்பி வந்தது, சரக்கு ஊருக்குத் திரும்பிப் போயிற்று!

மூன்றாவது டப்பா அதற்குத்தான். அழகுப் பொருள்கள் மருந்துகளோடு சேர்ந்து ஒரே சட்டத்தில், 1940-ஆம் வருஷத்துச் சட்டத்தில், வருகின்றன. அதனால் மருந்து ஆய்வாளருக்கு இந்தக் கடைகளிலும் அதிகாரம் உண்டு. மாவட்டத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் டப்பாவையும் பில் நகலையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்தேன். பெற்றுக் கொண்டதற்கு முத்திரை போட்டுத் தந்தார்கள். நாமே கட்டணம் கட்டி, வாங்கிய பொருளை அரசுப் பரிசோதகரிடம் சோதிக்கக் கேட்கவும் அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு இடம் தருகிறது. கடைக்காரர் பணம் தர மறுத்தால் மட்டும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பட்டியல் போட்டிருந்தாலும் ‘மெர்க்குரி’ என்று நேராக எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘கேலோமெல்’ என்றாலும் பாதரசம்தான். டியூபில் வருகிற சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருக்கும். இவை ஸ்டீராய்டு, அதாவது மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களுக்கு அரசு உத்தரவு போட்டிருக்கிறது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் எரியும். ஆகவே மாதக் கணக்கில் பூசி வருபவர்கள் தாமாக நிறுத்தி விட்டு எரிச்சலோடு தவிக்காமல், டியூபையே எடுத்துக் கொண்டு தோல் டாக்டரிடம் போவது நல்லது. பாதரச கிரீம் என்று சந்தேகம் இருந்தால் அன்றே நிறுத்தி, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். கால் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை இருந்தால் தாமதம் வேண்டாம்.

இன்னொன்று, நம் வீடுகளில் மட்டும் நடப்பது. காலியான டப்பா அழகாயிருக்கிறதே என்று கழுவி, குங்குமமோ பெருங்காயமோ போட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். இந்த டப்பாவை அப்படி வைக்க வேண்டாம்.